தூக்க நாலு பேர்

மொத்தம் பதினோரு மாதம்.
ஒன்பது மேடை, அதில் ஒன்று பன்றிச் சந்தை.
ரொவீகோவில் இன்று விசாரித்தால்
பெயரைக்கூடத் தப்பாகச் சொல்வார்கள்.
ஈரப் படிக்கட்டு என்பது பெயர்.
படிக்கட்டில் ஈரம் என்பார்கள்,
வீட்டுக்காரரிடம் புகார் சொல்வது மாதிரி.

நான் எதுவும் வாசிக்கவில்லை. வேன் என்னுடையது,
அதாவது அப்பாவின் ரொட்டி வேன்.
விடியற்காலை நாலுக்குள் திருப்பி நிறுத்தியாக வேண்டும்.

ஆர்கன் எர்மெத்தேயுடையது.
எழுபத்து மூன்றில், மூடிப்போன ஸ்கேட்டிங் கூடத்து ஏலத்தில் எடுத்தான்.
தூக்க நாலு பேர் வேண்டும் என்றான் விற்றவன்,
செத்தவரைப் பற்றிச் சொல்வதைப் போல.
அதில் ஒரு கட்டை ஊமை.
பழுது பார்க்க வந்தவனின் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி
ஜன்னல் வழியே எறிந்தான் எர்மெத்தே.
அந்த ஊமைக் கட்டையைச் சுற்றித்தான்
நாற்பத்தொரு நிமிடம் எழுதினான்,
இருட்டில் கிணற்றைச் சுற்றி நடப்பவன் போல.

ஃபுல்ஜென்சியோ பகலில் பல்செட் செய்பவன்.
நாலுக்கு நாலு என்றால் கொட்டாவி வந்துவிடும்.
பதின்மூன்றில்தான் டிரம் அடிப்பான்,
பதின்மூன்றில்தான் சூப் குடிப்பான்.
ஒத்திகை அறைக்கு ஏறும் படிகளோ
பன்னிரண்டு பன்னிரண்டாக இருந்தன.
வாரம் ஒருமுறை விழுவான்.

ஒர்சொலா பாடியது ரயில் கால அட்டவணை.
காதலைப் பற்றி ஒரு வரி என்று கேட்டேன்.
"அட்ரியா, ஆறு இருபத்திரண்டு, ஞாயிறு கிடையாது" என்றாள்.
சுவரைப் பார்த்துத்தான் பாடுவாள்.
அவள் முதுகு எனக்கு நன்றாகத் தெரியும்.

தர்சீசியோ கிடார்.
மூடுபனி இறங்கினால் கம்பி கோணிக்கொள்ளும் என்று
பெட்டியைத் திறக்கமாட்டான்.
எங்கள் ஆற்றங்கரையில்
நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை மூடுபனி.
ஆற்றின் பெயர் போ.

பன்றிச் சந்தையில்தான் அது நடந்தது.
வேனில் மாவு மூட்டை கிழிந்து
டிரம் மேலெல்லாம் கொட்டியிருக்கிறது, இருட்டில் எவரும் பார்க்கவில்லை.
முதல் அடிக்கே வெள்ளையாய் ஒரு மேகம்.
விளக்குகளுக்குக் குறுக்கே அது அவசரமில்லாமல் ஏறியது.
இருநூறு விவசாயிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
ஒர்சொலா முதல்முறையாகத் திரும்பினாள்,
இமையெல்லாம் மாவு,
இருமிக்கொண்டே பாடினாள்.
அவ்வளவுதான் எங்கள் புகழ்.
அதன்பின் மாவு இல்லாமல் யாரும் கூப்பிடவில்லை.
அப்பா மூட்டைகளை எண்ணத் தொடங்கினார்.

மிலானில் ஒரு கம்பெனி, கண்ணாடி மேஜை.
இசைத்தட்டில் முப்பத்தொன்பது நிமிடம்தான் கொள்ளும்,
இரண்டு நிமிடம் வெட்டுங்கள், மற்றபடி பிரமாதம்.

அந்த வாரம் அடுமனைக்கு வந்தார்கள்,
தனித்தனியாக, மற்றவருக்குத் தெரியாமல்,
என்னவோ கத்தரிக்கோல் என் கையில் இருப்பதுபோல.
கிடார் இழுத்துக்கொண்டே போகிறது என்றான் ஃபுல்ஜென்சியோ.
டிரம்மில் என்ன போயிற்று, வெட்டு என்றான் தர்சீசியோ.
என்னுடையதை எடுத்துவிடு,
சுவருக்கு நஷ்டமில்லை என்றாள் ஒர்சொலா.
எர்மெத்தே கடைசியாக வந்தான்.
சூடான ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே
ஊமைக் கட்டை வரும் இடங்களைக் கூட்டிப் பார்த்தேன்,
சரியாக இரண்டு நிமிடம் என்றான்.
ரொட்டியைத் தின்னாமல் வைத்துவிட்டுப் போனான்.

சண்டை எதுவும் இல்லை.
யாரும் யாரையும் போ என்று சொல்லவில்லை,
ஆற்றைத் தவிர.
வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு
மற்றவர் வரமாட்டார் என்று நினைத்து
ஒவ்வொருவரும் வராமல் இருந்தார்கள்.
நான் எட்டு ரொட்டியுடன் உட்கார்ந்திருந்தேன்.

ஆர்கன் அங்கேயேதான் இருக்கிறது,
கூட்டுறவுச் சங்கத்தின் மூன்றாம் மாடியில்.
ஒருமுறை இறக்கப் போனோம்.
தர்சீசியோ வந்தான், ஃபுல்ஜென்சியோ வந்தான், நான்.
எர்மெத்தே டுரினில் லிஃப்ட் பழுது பார்க்கிறான்.
அட்ரியாவிலிருந்து ஒர்சொலா வர வழியில்லை,
அன்று ஞாயிறு.
மூன்று மூலை எழுந்தது. நாலாவது எழவில்லை.
ஃபுல்ஜென்சியோ பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு
கீழே வைப்போம் என்றான்.

சங்கத்துக் கணக்கர் அதன்மேல் ரசீதுக் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்.
மின்சாரம் கிடையாது, எல்லாக் கட்டையும் ஊமைதான்.
இதில் முதலிலிருந்தே பேசாத கட்டை எது என்று
போன மாதம் ரொட்டி வாங்கும்போது கேட்டார்.
ஞாபகம் இல்லை என்றேன்.